கல்லூரிக் கல்வியின் வருவாய்ப் பயன்: அளவீட்டின் வரலாறு

கல்லூரிக் கல்வியின் வருவாய்ப் பயன் என்பது, கல்லூரியில் படித்ததால் ஒருவருடைய பிற்கால வருமானம் எவ்வளவு கூடுகிறது என்பதைக் காட்டும் அளவு ஆகும். பொருளியலில் இது வழக்கமாக விழுக்காட்டில் சொல்லப்படுகிறது. ஓராண்டு கூடுதலாகப் படித்தால் சம்பளம் எத்தனை விழுக்காடு உயரும் என்பதே கேள்வி. இதற்கு விடை காணும் முயற்சி அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்துவருகிறது. தரவுகளும் ஆய்வு நிறுவனங்களும் அங்கே மிகுதியாக இருந்ததால், இந்த அளவீட்டின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க வரலாறாகவே அமைந்தது.

கேட்பதற்கு இது எளிய கழித்தல் கணக்குப் போலத் தோன்றும். பட்டதாரியின் சம்பளத்திலிருந்து பள்ளிப் படிப்போடு நின்றவரின் சம்பளத்தைக் கழித்தால் போதாதா? போதாது. கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் அதற்கு முன்பே வேறுபட்டவர்கள். குடும்ப வசதி, படிப்பில் ஈடுபாடு, உடல்நலம், தெரிந்தவர்களின் செல்வாக்கு எனப் பலவும் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நமக்குத் தெரிய வேண்டியது, அதே மாணவர் கல்லூரிக்குப் போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பது. அந்த இன்னொரு வாழ்க்கையை யாரும் பார்க்க முடியாது. அதை எப்படிக் கணிப்பது என்பதில்தான் இத்துறையின் நூறாண்டு உழைப்பும் அடங்கியிருக்கிறது.

ஒரு நாளுக்கு ஒன்பது டாலர்

கல்வியைப் பணத்தோடு ஒப்பிடும் எண்ணம் பழையது. 1776இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித், மிகுந்த உழைப்பும் காலமும் செலவிட்டுப் பயிற்சி பெற்ற மனிதரை விலையுயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டார். இயந்திரம் தன் விலையை ஈட்டித் தர வேண்டும் என எதிர்பார்ப்பது போலவே, பயிற்சிக்குச் செலவான தொகையும் கூலியில் திரும்பி வர வேண்டும் என்றார். ஆனால் அவர் எண்களைக் கொண்டு கணக்கிடவில்லை.

எண்கள் பரவலாக வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1917இல் அமெரிக்கக் கல்விப் பணியகம் 'கல்வியின் பண மதிப்பு' என்னும் பொருளில் ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. எழுதியவர் ஏ. காஸ்வெல் எல்லிஸ். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பும் பெற்றோரை மனம் மாற்றுவதும், பள்ளிகளுக்கு வரிப்பணம் செலவிடத் தயங்குவோரை இணங்கவைப்பதும் அதன் நோக்கம். அதில் இருந்த ஒரு கணக்கு மிகவும் புகழ்பெற்றது. படிக்காத தொழிலாளி ஆண்டுக்கு 500 டாலர் வீதம் 40 ஆண்டுகளில் 20,000 டாலர் ஈட்டுகிறார். உயர்நிலைப் பள்ளி முடித்தவர் ஆண்டுக்கு 1,000 டாலர் வீதம் 40,000 டாலர் ஈட்டுகிறார். வித்தியாசம் 20,000 டாலர். பள்ளியில் இருந்தது ஆண்டுக்கு 180 நாள் வீதம் 12 ஆண்டுகள், அதாவது 2,160 நாட்கள். வகுத்துப் பார்த்தால், பள்ளியில் கழித்த ஒவ்வொரு நாளும் குழந்தைக்குச் சுமார் 9 டாலர் தருகிறது.

நல்ல எண்ணத்தோடு போட்ட கணக்குத்தான். ஆனால் அதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, படிக்கும் காலத்தில் சம்பாதிக்காமல் இழந்த தொகை கழிக்கப்படவில்லை. இரண்டாவது, 40 ஆண்டுகள் கழித்து வரும் டாலரும் இன்று கையில் உள்ள டாலரும் ஒரே மதிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மூன்றாவது, 20,000 டாலர் வித்தியாசம் முழுவதும் பள்ளியால் வந்தது என்று கொள்ளப்பட்டது. முதல் இரண்டு குறைகளையும் நீக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. மூன்றாவதைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

முதல் இரண்டு குறைகளையும் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பள்ளி இறுதி முடித்த இருவரில் ஒருவர் உடனே மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேருகிறார். மற்றவர் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேருகிறார். அவருக்குக் கட்டணமும் புத்தகமும் சேர்ந்து மொத்தம் 1,50,000 ரூபாய் செலவாகிறது. ஆனால் உண்மையான செலவு அது மட்டுமல்ல. மூன்றாண்டுகளில் ஈட்டியிருக்கக்கூடிய 4,32,000 ரூபாயையும் அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். பொருளியலில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். இரண்டும் சேர்ந்து 5,82,000 ரூபாய்.

பட்டம் பெற்றபின் அவருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம் கிடைக்கிறது. முதலாமவர் அதற்குள் 14,000 ரூபாய் வாங்குகிறார். மாதத்திற்கு 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் வித்தியாசம். இந்த இடைவெளி 40 ஆண்டுகள் நீடித்தால், 5,82,000 ரூபாய் முதலீட்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு ஆண்டு வருவாய் கிடைத்ததற்குச் சமம். இதே தொகையை வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டியோடு இதை ஒப்பிடலாம். 40 ஆண்டு வித்தியாசத்தை வெறுமனே கூட்டினால் 19,20,000 ரூபாய் என்ற பெரிய எண் வரும். பார்ப்பவரை மயக்கும் எண் அது. முடிவெடுக்க உதவுவது 8 விழுக்காடு என்ற எண்ணே.

கட்டணத்தைவிட இழந்த சம்பளமே பெரிய செலவு என்பதையும் இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. கட்டணமில்லாக் கல்லூரியிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சேரத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணக்கெடுப்பில் நுழைந்த கேள்வி

1935இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. ஆர். வால்ஷ், மூலதனம் என்ற கருத்தை மனிதருக்குப் பொருத்தி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். படிப்பின் செலவையும், பிற்கால வருமானத்தின் இன்றைய மதிப்பையும் ஒப்பிட்டார். 1945இல் மில்டன் ஃப்ரீட்மனும் சைமன் குஸ்நெட்ஸும் வெளியிட்ட நூல், மருத்துவர்களின் வருமானத்தையும் பல் மருத்துவர்களின் வருமானத்தையும் ஒப்பிட்டது. மருத்துவர்களின் கூடுதல் வருமானம் முழுவதையும் நீண்ட படிப்பால் விளக்க முடியவில்லை. அந்தத் தொழிலில் நுழைவது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்று அவர்கள் எழுதியது பெரும் சர்ச்சையானது. படிப்புக்குப் பின் வரும் பணம் அனைத்தும் படிப்பால் வந்ததல்ல என்னும் எச்சரிக்கை அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் நாடு முழுவதற்குமான தரவு இல்லை. 1940ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த நிலையை மாற்றியது. அதுவரை எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுவந்தவர்கள், முதன்முறையாக எந்த வகுப்புவரை படித்தீர்கள் என்று கேட்டார்கள். கூலி அல்லது சம்பள வருமானம் எவ்வளவு என்ற கேள்வியும் முதன்முறையாக அதே படிவத்தில் இடம்பெற்றது. படிப்பும் வருமானமும் ஒரே தாளில் பதிவானதால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடிந்தது.

1944இல் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைப்படியும் அளித்த சட்டம் இது. இதன்மூலம் சுமார் 22 லட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். கல்லூரி என்பது வசதியானவர்களின் இடம் என்ற நிலை தளர்ந்தது. அரசு இவ்வளவு செலவிடும்போது அதன் பயன் என்ன என்ற கேள்வியும் கூடவே வலுத்தது.

மனித மூலதனம்

இந்தக் கேள்வியைப் பொருளியலின் மையத்திற்குக் கொண்டுவந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தியோடர் ஷுல்ட்ஸ். வேளாண் பொருளியலரான அவர், போர் முடிந்த சில காலத்தில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பகுதியில் ஒரு வயதான விவசாயத் தம்பதியைச் சந்தித்தார். பார்வைக்கே ஏழைகள். ஆனால் நிறைவாக இருந்தார்கள். காரணம் கேட்டபோது, தாங்கள் ஏழைகள் அல்ல என்றார்கள். பண்ணையின் வளத்தையெல்லாம் செலவிட்டு நான்கு பிள்ளைகளைக் கல்லூரிவரை படிக்கவைத்துவிட்டோம், அந்தப் படிப்பால் பிள்ளைகள் நன்றாக உழைத்து முன்னேறுவார்கள் என்றார்கள். நிலமாகவும் கட்டடமாகவும் இருந்த செல்வம் பிள்ளைகளின் படிப்பாக மாறியிருக்கிறது என்று ஷுல்ட்ஸ் புரிந்துகொண்டார்.

1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவர் உரையில் அவர் 'மனித மூலதனத்தில் முதலீடு' என்ற தலைப்பில் பேசினார். மனிதரை மூலதனம் என்று சொல்வது அடிமை முறையை நினைவூட்டுவதாகப் பலருக்குத் தோன்றும் என்பதை அவர் அந்த உரையிலேயே ஒப்புக்கொண்டார். தம்மீதே முதலீடு செய்துகொள்ளும்போது மனிதருக்குமுன் உள்ள தெரிவுகள் விரிகின்றன என்பது அவர் தந்த விளக்கம். 1979இல் அவருக்கு ஆர்தர் லூயிஸுடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1964இல் கேரி பெக்கரின் 'மனித மூலதனம்' நூல் வெளிவந்தது. அந்தத் தலைப்பை வைக்கவே அவர் முதலில் தயங்கினார். இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அமெரிக்க வெள்ளையின ஆண் பட்டதாரிகளுக்குக் கல்லூரி முதலீடு ஆண்டுக்கு 12 முதல் 15 விழுக்காடுவரை வருவாய் தந்ததாக அவர் மதிப்பிட்டார். கல்லூரிக்குப் போனவர்கள் இயல்பிலேயே திறமையானவர்களாக இருந்திருக்கலாம் என்பதற்காக இந்த எண்ணைக் குறைத்துப் பார்க்கவும் முயன்றார். இவருக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் உலகமெங்கும் பயன்படும் சமன்பாட்டைத் தந்தவர் ஜேக்கப் மின்சர். போலந்தில் பிறந்த அவர், மாணவராக இருந்தபோது நாஜிகளால் சிறைப்படுத்தப்பட்டுப் படிப்பை இழந்தவர். 1948இல் அமெரிக்காவுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து படித்தார். 1974இல் வெளியான அவருடைய நூல், ஒருவரின் வருமானத்தை அவர் படித்த ஆண்டுகள், வேலை அனுபவம் ஆகிய இரண்டைக் கொண்டே விளக்க முயன்றது. அனுபவம் கூடக்கூடச் சம்பளம் முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் உயர்வதைச் சமன்பாடு உள்ளடக்கியது. படிப்பின் ஓராண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற மதிப்பு அதிலிருந்து கிடைத்தது. முதல் இரண்டு குறைகளும் இத்துடன் பெருமளவு தீர்ந்தன.

படிப்பா, திறமையா, சான்றிதழா?

எஞ்சிய மூன்றாவது குறை இரண்டு வடிவங்களில் எழுந்தது.

முதல் வடிவம் திறன் சாய்வு எனப்படும். திறமையான மாணவர்களே கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால், கல்லூரி இல்லாமலும் அவர்கள் அதிகம் சம்பாதித்திருப்பார்கள். அப்படியானால் 10 விழுக்காடு என்பது மிகைக்கணக்கு. இதை ஆழமாக ஆராய்ந்தவர் ஸ்வி கிரிலிக்கஸ். லித்துவேனியாவில் பிறந்து, பதின்பருவத்தில் டாஹாவ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பியவர். மின்சரைப் போல இவரும் போரால் படிப்பை இழந்து, பின்னர் படிப்பின் மதிப்பை அளந்தவர். நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்களைச் சமன்பாட்டில் சேர்த்துப் பார்த்தபோது, திறன் சாய்வு பலர் அஞ்சிய அளவுக்குப் பெரிதாக இல்லை என்று 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. படித்த ஆண்டுகளை மக்கள் தவறாகச் சொல்வதால் ஏற்படும் அளவீட்டுப் பிழை, பயனைக் குறைத்துக் காட்டுகிறது என்பதையும் அவர் சுட்டினார். ஒரு பிழை மேலே தள்ளுகிறது, மற்றொன்று கீழே இழுக்கிறது.

இரண்டாம் வடிவம் இன்னும் கூர்மையானது. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உழைப்பும் திறமையும் தெரியாது. கடினமான படிப்பை முடிப்பது திறமையானவருக்கு எளிது, மற்றவருக்குக் கடினம். எனவே கல்லூரி எதையுமே கற்றுத் தராவிட்டாலும், பட்டம் திறமையின் அடையாளமாகச் செயல்பட்டுச் சம்பளத்தை உயர்த்திவிடும். இது சமிக்ஞைக் கோட்பாடு எனப்படுகிறது. அதே ஆண்டில் கென்னத் ஆரோவும் உயர்கல்வி ஒரு வடிகட்டியாகச் செயல்படக்கூடும் என்று எழுதினார். ஸ்பென்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மாணவர் ஒருவருக்கு இந்த இரண்டு விளக்கங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எப்படியும் சம்பளம் உயர்கிறது. ஆனால் அரசுக்கு இது முக்கியமான வேறுபாடு. படிப்பு உண்மையில் திறனை வளர்த்தால் நாடு செழிக்கும். வெறும் அடையாளமாக இருந்தால், எல்லோரும் இன்னொரு பட்டம் வாங்கினாலும் வரிசையில் நிற்கும் இடம் மட்டுமே மாறும்.

இந்த விவாதம் நடந்த 1970களில் பட்டத்தின் மதிப்பே சரிந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை கல்லூரியிலிருந்து ஒரே காலத்தில் வெளிவந்ததால், பட்டதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான சம்பள இடைவெளி குறுகியது. ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் 'மிகைக்கல்வி பெற்ற அமெரிக்கர்' என்று ஒரு நூலே எழுதினார். ஆனால் 1980களில் அதே இடைவெளி வேகமாக விரிந்தது. லாரன்ஸ் காட்ஸும் கெவின் மர்ஃபியும் 1992இல் இதை விளக்கினார்கள். படித்தவர்களுக்கான தேவை தொடர்ந்து கூடிவந்தது, ஆனால் புதிய பட்டதாரிகள் வரும் வேகம் குறைந்துவிட்டது என்றார்கள். ஆகவே கல்வியின் பயன் என்பது நிலையான எண் அல்ல. அது காலத்தோடு மாறுவது.

இரட்டையரும் பிறந்த மாதமும்

திறமையையும் படிப்பையும் பிரித்தறிய நேரடியான வழி, குலுக்கல் முறையில் சிலரைக் கல்லூரிக்கு அனுப்பிச் சிலரை நிறுத்துவது. யாரும் அதைச் செய்ய முடியாது. எனவே 1990களில் ஆய்வாளர்கள், வாழ்க்கையே நடத்திவைத்த குலுக்கல்களைத் தேடினார்கள். இவை இயற்கைச் சோதனைகள் எனப்படுகின்றன. மூன்று ஆய்வுகள் புகழ்பெற்றவை.

முதலாவது, ஜோஷுவா ஆங்ரிஸ்டும் ஆலன் குரூகரும் 1991இல் வெளியிட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகள் ஒன்றாகப் பள்ளியில் சேர்ந்தார்கள். ஆனால் 16 வயது நிறைந்ததும் பள்ளியை விட்டுவிடலாம் என்பது சட்டம். ஜனவரியில் பிறந்தவர் பள்ளியில் சேரும்போதே வயதில் மூத்தவர். எனவே குறைந்த காலமே படித்துவிட்டு 16 வயதில் விலகலாம். டிசம்பரில் பிறந்தவர் அதே வயதை எட்டுமுன் ஏறத்தாழ ஓராண்டு கூடுதலாகப் படித்திருப்பார். பிறந்த மாதத்திற்கும் திறமைக்கும் தொடர்பில்லை என்று கொண்டால், இது ஒரு குலுக்கல் போன்றது. ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் சராசரியாகச் சற்றுக் குறைவாகப் படித்திருந்தார்கள், சற்றுக் குறைவாகச் சம்பாதித்தார்கள். இதிலிருந்து கிடைத்த பயன் மதிப்பு, பழைய சமன்பாட்டின் மதிப்புக்கு நெருக்கமாகவே இருந்தது. 1995இல் ஜான் பவுண்ட், டேவிட் யேகர், ரெஜினா பேக்கர் ஆகியோர் இதைக் கடுமையாக விமர்சித்தனர். பிறந்த மாதத்தால் படிப்பில் ஏற்படும் வித்தியாசம் மிகச் சிறியது என்பதால், இலட்சக்கணக்கானோரின் தரவு இருந்தாலும் முடிவை நம்ப முடியாது என்று காட்டினார்கள். இந்த விமர்சனம் புள்ளியியல் முறைகளையே திருத்தியமைத்தது.

இரண்டாவது ஆய்வு இரட்டையரைப் பற்றியது. ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்றோர் ஊர் உண்டு. மோசஸ் வில்காக்ஸ், ஏரன் வில்காக்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்களால் பெயர்பெற்ற அந்த ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கிறது. 1991இல் ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் குரூகரும் நேர்காணல் குழுவோடு அங்கே போனார்கள். உருவொத்த இரட்டையர் ஒரே மரபணுவும் ஒரே வீடும் கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் அதிகம் படித்திருந்தால், சம்பள வித்தியாசத்தைப் படிப்போடு இணைக்கலாம். இருவரையும் தனித்தனியே அமரவைத்து, உங்கள் படிப்பு என்ன, உங்கள் உடன்பிறந்தவரின் படிப்பு என்ன என்று இரண்டையும் கேட்டது ஆய்வின் நுட்பம். ஒருவர் தவறாகச் சொன்னாலும் மற்றவரின் பதிலைக் கொண்டு பிழையைச் சரிசெய்யலாம். ஓராண்டுப் படிப்புக்கு 12 முதல் 16 விழுக்காடு என்று 1994இல் அறிவித்தார்கள். பின்னர் ஆஷன்ஃபெல்டரும் சிசிலியா ரௌஸும் கூடுதல் இரட்டையரைச் சேர்த்துப் பார்த்தபோது அது சுமார் 9 விழுக்காடாக இறங்கியது. எல்லாவற்றிலும் ஒத்த இரட்டையரில் ஒருவர் மட்டும் ஏன் கூடுதலாகப் படித்தார் என்ற கேள்வியை விமர்சகர்கள் எழுப்பினார்கள். அதற்கு முழுமையான விடை இல்லை.

மூன்றாவது, டேவிட் கார்டு செய்தது. கல்லூரி அருகில் இருந்தால் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம். தொலைவில் இருந்தால் தங்கும் செலவு கூடும். எனவே கல்லூரி உள்ள ஊர்ப்பகுதியில் வளர்ந்தவர்களையும் கல்லூரி இல்லாத பகுதியில் வளர்ந்தவர்களையும் அவர் ஒப்பிட்டார். அருகில் கல்லூரி இருந்ததால் அதிகம் பயன்பெற்றவர்கள், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் படிப்புக்குக் கிடைத்த பயன் சாதாரணச் சமன்பாடு காட்டியதைவிட அதிகமாக இருந்தது.

இது எதிர்பாராத முடிவு. திறன் சாய்வை நீக்கினால் எண் குறையும் என்றே பலர் நினைத்தார்கள். குறையவில்லை. காரணம் இப்படி விளக்கப்பட்டது: பணமில்லாமலோ தொலைவாலோ படிப்பை நிறுத்துபவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. தடை நீங்கினால் அவர்களுக்குக் கிடைக்கும் பயன் சராசரியைவிடப் பெரிதாகவே இருக்கலாம். 2010இல் ஜென்னி பிராண்டும் யூ ஷியேயும் வேறொரு முறையில் ஆராய்ந்து, கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தவர்களே போனபின் அதிகம் பயனடைந்தார்கள் என்று கண்டார்கள். கார்டு, ஆங்ரிஸ்ட், கிடோ இம்பென்ஸ் ஆகிய மூவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். குரூகர் 2019இலேயே காலமாகிவிட்டார்.

எந்தக் கல்லூரி?

கல்லூரிக்குப் போவதா என்ற கேள்விக்கு அடுத்தது எந்தக் கல்லூரிக்குப் போவது என்பது. புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள். அது கல்லூரியாலா, தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களாலா? ஸ்டேசி டேலும் குரூகரும் 2002இல் இதற்கு ஓர் அழகான ஒப்பீட்டைச் செய்தார்கள். ஒரே தரமுள்ள புகழ்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும், சிலர் அங்கே சேர்ந்தார்கள், சிலர் புகழ் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் இந்த இரு சாராரின் வருமானத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. இங்கும் விதிவிலக்கு ஏழைக் குடும்பத்து மாணவர்கள். புகழ்பெற்ற கல்லூரி அவர்களின் வருமானத்தை உயர்த்தியது. வசதியான வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தொடர்புகளை, அவர்களுக்குக் கல்லூரி தந்திருக்கலாம்.

இந்தியாவில்

அமெரிக்காவில் உருவான இந்த முறை விரைவிலேயே இந்தியாவுக்கும் வந்தது. ஏ. எம். நல்லகவுண்டன் 1967இல் இந்தியக் கல்வி முதலீடு பற்றி வெளியிட்ட கட்டுரை தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று. 1969இல் மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயர்டு, மொரீன் உட்ஹால் ஆகியோர் இந்தியாவில் பட்டதாரிகளின் வேலையின்மைக்கான காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். வேலையில்லாப் பட்டதாரிகள் பெருகியிருந்தும் கல்லூரிகளில் கூட்டம் குறையாதது ஏன் என்பது அவர்களின் கேள்வி. சில காலம் காத்திருந்தாலும் கடைசியில் கிடைக்கும் சம்பளம் காத்திருப்பை ஈடுசெய்துவிடுகிறது, மேலும் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது என்பதால் தனிமனிதருக்கு அது இலாபமே என்று விளக்கினார்கள். தனிமனிதருக்கு இலாபமானது சமூகத்திற்கும் அதே அளவு இலாபமாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அவர்களின் வாதம்.

பின்னர் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியலர் பி. துரைசாமி, 1983க்கும் 1994க்கும் இடைப்பட்ட காலத்தை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பெண்களின் தொடக்க, நடுநிலைக் கல்விக்கான வருவாய்ப் பயன் குறைந்து, மேல்நிலை, கல்லூரிக் கல்விக்கான பயன் கூடியிருந்தது. ஆண் பெண் வேறுபாடும் நகர்ப்புறக் கிராமப்புற வேறுபாடும் கணிசமாக இருந்தன. தினக்கூலி, சொந்தத் தொழில், குடும்ப விவசாயம் எனச் சம்பளப் பட்டியலில் வராத உழைப்பு மிகுந்த நாட்டில் இந்த அளவீடு கூடுதல் கடினமானது. சம்பளம் பெறுபவர்களை மட்டும் கணக்கில் கொண்டால், மற்ற அனைவரும் கணக்குக்கு வெளியே போய்விடுவார்கள்.

இன்றைய நிலை

2015இல் அமெரிக்க அரசு, கல்லூரி மதிப்பெண் அட்டை என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களும் ஈட்டும் வருமானத்தை வெளியிடத் தொடங்கியது. அரசின் உதவித்தொகையோ கடனோ பெற்ற மாணவர்களின் வரிப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்ட விவரங்கள் அவை. மாணவர்களின் கல்விக் கடன் மொத்தம் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்ட நாட்டில் இது தேவையான தகவல்தான். ஆனால் அந்தத் தளம் காட்டுவது முன்னாள் மாணவர்களின் வருமானம். கல்லூரியால் கூடிய வருமானம் அல்ல. 1917ஆம் ஆண்டின் மூன்றாவது குறை, நூறாண்டு கழித்து மிகத் துல்லியமான தரவுகளோடு திரும்பி வந்திருக்கிறது. கல்லூரி விளம்பரங்களில் வரும் சராசரிச் சம்பள எண்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே இத்தகைய எண் ஒன்றைப் பார்க்கும் மாணவரும் பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். யாரோடு யாரை ஒப்பிட்டிருக்கிறார்கள்? படிக்கும் காலத்தில் இழந்த சம்பளமும் கடன் வட்டியும் கழிக்கப்பட்டனவா? சேர்ந்தவர்கள் அனைவரையும் கணக்கில் எடுத்தார்களா, அல்லது பட்டம் பெற்று வேலையும் கிடைத்தவர்களை மட்டுமா? எந்த ஆண்டில் வேலைக்குப் போனவர்களின் வருமானம் அது? இடையில் நின்றவர்களுக்குக் கடன் மட்டும் மிஞ்சிப் பட்டம் கிடைக்காமல் போவதால் மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது.

பல நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஓராண்டுக் கூடுதல் படிப்புக்குச் சராசரியாக 9 முதல் 10 விழுக்காடு வருமான உயர்வு என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு. இது சராசரி மட்டுமே. தனியொருவருக்கு இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி இதில் இல்லை. வாசிப்பு, உடல்நலம், அடுத்த தலைமுறையின் படிப்பு போன்ற பயன்களும் இந்த எண்ணுக்குள் வருவதில்லை. ஆனாலும் நூறாண்டு ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கியிருக்கிறது. கல்லூரிப் படிப்பு வருமானத்தை உண்மையாகவே உயர்த்துகிறது. அந்த உயர்வு, பணமோ தொலைவோ தடுத்ததால் படிக்க முடியாமல் போகவிருந்தவர்களுக்கே பெரும்பாலும் அதிகமாகக் கிடைக்கிறது. உதவித்தொகை, விடுதி, பேருந்துச் சலுகை, அருகில் ஒரு கல்லூரி ஆகியவற்றின் மதிப்பை எடைபோடும்போது இந்த முடிவையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.